வழி சொன்னது யார்?



போன வாரம் நான் செய்த தவறு உங்களுக்குத் தெரியும். நம் பழைய தலைமையாசிரியர் காலமாகிவிட்டார் என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயரை எடுத்துவிட்டு, நானே இரண்டு வரி இரங்கல் எழுதி நம் குழுவில் போட்டேன். "டீச்சரே சொல்லிட்டாங்க" என்று நீங்கள் மற்ற குழுக்களுக்கும் அனுப்பினீர்கள். அரைமணி நேரத்தில் அவரே போன் செய்து, "நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றார். உடனே பதிவை அழித்தேன். ஆனாலும் இரவு வரை அவர் வீட்டுக்கு மாலையோடு ஆட்கள் வந்தார்களாம்.

வெட்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை, பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் அழைத்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "டீச்சர், இதே தப்பை 1997-ல ஒரு ரவுட்டர் பண்ணியிருக்கு" என்றான். இரண்டு நாள் மாலை அவனிடம் பாடம் கேட்டேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இணையத்தில் ஒரு செய்தி போய்ச் சேர, வழிநெடுக ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே முறையில் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்துக்குள்ளே பேச 'ரிப்' என்று ஒரு பழைய முறை உண்டு. அது எண்ணிக்கையை மட்டும் பார்க்கும். "அந்த இடத்துக்கு மூன்று தெரு தாண்ட வேண்டும்" என்பதோடு சரி. 15 வரைதான் எண்ணும். 16 என்றால் போக முடியாத இடம் என்று பொருள்.

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசுவது 'பிஜிபி'. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் காகிதத்தில் எழுதி உருவாக்கியது அது. அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் உண்டு. வழி ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தந்த எண் அதில் சேர்ந்துகொள்ளும். எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்ற பட்டியல் கூடவே வரும். அந்தப் பட்டியலில் தன் எண்ணே இருந்தால், "இது நான் சொன்னதுதான், சுற்றித் திரும்பி வருகிறது" என்று ரவுட்டர் தள்ளிவிடும்.

ஒரு முறையில் கேட்ட வழியை இன்னொரு முறைக்கு மாற்றிச் சொல்வதற்கு 'ரீடிஸ்ட்ரிபியூஷன்' என்று பெயர். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பிஜிபியில் வந்த வழியை ரிப்புக்கு மாற்றினால் ஊர்ப்பட்டியல் உதிர்ந்துவிடும், தெருக்கணக்கு மட்டும் மிஞ்சும். அதையே இன்னொரு வாசல் வழியாக மீண்டும் பிஜிபிக்கு மாற்றினால் பட்டியல் புதிதாகத் தொடங்கும். அடுத்தவர் சொன்ன வழி, "இந்த இடம் எங்களிடமே இருக்கிறது" என்று ஆகிவிடும். அனுப்பியவர் பெயரை எடுத்துவிட்டு நான் இரங்கல் எழுதியதும் இப்படித்தான்!

1997 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. 7007 என்ற எண் கொண்ட ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்திலிருந்து ஆயிரக்கணக்கான வழிகள் வெளியே போயின. பழைய பட்டியல் எதிலும் இல்லை. எல்லாம் 7007-இலேயே தொடங்குவதுபோல் இருந்தன. போதாக்குறைக்கு, 256 முகவரி கொண்ட சிறு துண்டுகளாக உடைந்து போயின. ரவுட்டர்களின் வழக்கம் என்னவென்றால், பொதுவாகச் சொன்னவரை விடக் குறிப்பாகச் சொன்னவரைத்தான் நம்பும். "திருச்சி மாவட்டத்துக்கு நான் வழி" என்பதை விட "அந்தத் தெருவுக்கு நான் வழி" என்பது எடுபடும். எனவே எங்கெங்கோ போக வேண்டிய போக்குவரத்து அந்தச் சிறிய நிறுவனத்தை நோக்கி ஓடி, அங்கே முட்டி நின்றது.

அவர்கள் தவறை உணர்ந்து ரவுட்டரின் இணைப்பையே பிடுங்கினார்கள். ஆனால் சொன்னவன் வாயை மூடிய பிறகும், கேட்டவர்கள் அந்தப் பொய் வழிகளை மணிக்கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே, நடந்ததை விளக்கி மன்னிப்புக் கேட்டு, சக பொறியாளர்கள் எல்லோருக்கும் அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் போனது.

2008 பிப்ரவரி 24 அன்று இன்னொன்று நடந்தது. பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்ய, உள்நாட்டுக்கென்று போட்ட ஒரு வழி எல்லை தாண்டிக் கசிந்தது. யூடியூப் 1024 முகவரிகளை மொத்தமாக அறிவித்திருந்தது. கசிந்தது அதில் 256-க்கு மட்டும். குறிப்பானதே வென்றது. உலகின் பல பகுதிகளில் யூடியூப் நின்றுபோனது. யூடியூப்காரர்கள் முதலில் அதே 256-ஐ அறிவித்தார்கள். பிறகு அதை 128, 128 என்று இரண்டாகப் பிரித்து, இன்னும் குறிப்பாக அறிவித்தார்கள். பொய் வழியை உலகுக்குக் கடத்திய ஹாங்காங் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்ற பிறகே முழுதும் சரியானது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"இதையெல்லாம் எப்படிடா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"எங்கே நின்னுச்சுன்னு மட்டும் பார்க்க மாட்டோம் டீச்சர். இந்த வழி எங்கே பிறந்துச்சு, எந்த வாசல்ல முறை மாறிச்சுன்னு பின்னாடியே போவோம்" என்றான்.

தடுக்கும் வழியும் எளியதுதான். முறை மாறும் வாசலில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அடையாளக் குறி போட வேண்டும். குறியோடு திரும்பி வந்தால் ஏற்கக் கூடாது. பழைய ரிப்பில் குறி போட இடமே இல்லை. 1993-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதற்கு இடம் வைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் எந்தெந்த வழிகளைச் சொல்ல உரிமை உள்ளவர் என்று பட்டியல் வைத்துக்கொண்டு, மற்றதை வடிகட்டவும் வேண்டும்.

நாற்பது வருடம் வகுப்பில், "யார் சொன்னது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று உங்களைக் கேட்டவள் நான். அன்றைக்கு என்னையே கேட்டுக்கொள்ள மறந்தேன். தலைமையாசிரியர் ஐயாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்; அம்மாதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் அழித்தது என் வாசலில் மட்டும்தான். நீங்கள் எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ, அந்தந்தக் குழுவுக்கே போய், "டீச்சர் சொன்னது தவறு, ஐயா நலமாக இருக்கிறார்" என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்