எல்ஸ்வொர்த், எல்மர் (1837–1861)

அமெரிக்க உள்நாட்டுப் போரில் உயிரிழந்த முதல் வட தரப்பு அதிகாரி. நியூயார்க் மாநிலத்தின் மால்ட்டாவில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடிச் சிகாகோ சென்றவருக்குப் படைப்பயிற்சியில் தீராத ஆர்வம். பிரான்சின் அல்ஜீரியப் படைகளான சுவாவ்களின் தொளதொளத்த கால்சட்டையையும் விரைவான அணிவகுப்பையும் தம் குழுவினருக்குப் பழக்கி, 1860-இல் பல நகரங்களில் நிகழ்த்திக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அவ்வாண்டே ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபிரகாம் லிங்கனின் அலுவலகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஆயினும் சட்டப் புத்தகங்களைவிடத் தேர்தல் பரப்புரையே அவரை அதிகம் ஈர்த்தது. லிங்கன் அவரைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தினார்.

போர் மூண்டதும் நியூயார்க் தீயணைப்புத் தொண்டர்களைத் திரட்டி ஒரு படைப்பிரிவை அமைத்து, அதன் கர்னல் ஆனார். பிரிவினையை வர்ஜீனியா வாக்கெடுப்பில் ஏற்ற மறுநாள், 1861 மே 24 அதிகாலையில், அப்படை பொட்டோமாக் ஆற்றைக் கடந்து அலெக்சாண்டிரியாவில் இறங்கியது. அங்கே மார்ஷல் ஹவுஸ் விடுதியின் கூரையில் தென் தரப்பின் பெரிய கொடி பறந்துகொண்டிருந்தது. சிப்பாய்களை அனுப்பியே அதை இறக்கியிருக்கலாம். கர்னல் தாமே ஏறினார். கொடியுடன் படியிறங்குகையில் விடுதிக்காரர் ஜேம்ஸ் ஜாக்சன் அவரை மார்பில் சுட்டுக் கொன்றார். உடனிருந்த பிரான்சிஸ் பிரவுனெல் அக்கணமே ஜாக்சனைச் சுட்டு வீழ்த்தினார்.

எல்ஸ்வொர்த்துக்கு அப்போது வயது 24. அவர் உடல் வெள்ளை மாளிகையில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, மெக்கானிக்வில்லில் அடக்கம் செய்யப்பட்டது. வடக்கில் அவர் பெயர் போர் முழக்கமானது; தெற்கில் ஜாக்சனே தியாகியாகக் கொண்டாடப்பட்டார்.