பி300 மூளையலை

எதிர்பாராத ஒலியோ உருவமோ தோன்றிச் சுமார் 300 மில்லி செக்கன் கழித்து மூளையில் எழும் நேர்மின் அலை. 1965இல் சாமுவேல் சட்டனும் கூட்டாளிகளும் இதை விவரித்தனர். தலையில் ஒட்டும் மின்வாய்களுக்கு எட்டுவது மைக்ரோவோல்ட் அளவே என்பதால், தூண்டலைப் பலமுறை கொடுத்துப் பதிவுகளுக்குச் சராசரி காண்பர். தொடர்பில்லாத அலைகள் ஒன்றையொன்று அழிக்க, மறுமொழி மிஞ்சும். அரிதாக வரும் ஒலியை எண்ணச் சொன்னால் அலை உயரும், கவனம் சிதறினால் தாழும். கவனத்தையும் நினைவையும் ஆராய்வோரிடம் இதற்குள்ள மவுசு இதனாலேயே.

குற்றம் தொடர்பான படத்தையோ சொல்லையோ காட்டும்போது அலை எழுந்தால் அவர் அதை முன்பே அறிந்தவர் எனக் கொள்ளும் சோதனையாக, இந்தியாவில் குற்ற விசாரணைக்கும் இதைக் கொண்டுபோனார்கள், அவசரப்பட்ட வேலை. கொலை நடந்த இடத்தைச் செய்தித்தாளில் பார்த்தவருக்கும் அலை எழக்கூடும். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமின்றி இச்சோதனை நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என 2010 மே 5இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.