ரூபெல்லா பாசிட்டிவ்னா பயப்படணுமா? மதுரையில் அளந்த கதை

போன வாரம் ஓ.பி.யில் எட்டு வாரக் கர்ப்பிணி ஒருத்தங்க ரிப்போர்ட்டை நீட்டினாங்க. "ரூபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்னு போட்டிருக்கு டாக்டர். கூகுள்ல பாத்தா பிள்ளைக்குக் கண்ணு தெரியாதுன்னு வருது." ராத்திரி முழுக்கத் தூங்கல. கூட வந்த மாமியாரும்தான்.

காய்ச்சல், தடிப்பு எதுவும் இல்லை. ஐ.ஜி.எம். நெகட்டிவ். அப்படின்னா இது புதுத் தொற்று இல்லை. எப்பவோ வந்துபோன தொற்றோ, போட்ட ஊசியோ விட்டுட்டுப் போன காவல். ஒரு மில்லிக்கு 10 யூனிட்டுக்கு மேல ஐ.ஜி.ஜி. இருந்தா பாதுகாப்புன்னு பொதுவா எடுத்துக்குவோம்.

இந்த எண்ணுக்குப் பின்னாடி நம்ம மதுரைக்கும் ஒரு பங்கு இருக்கு. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

1941. சிட்னியில் நார்மன் கிரெக்ன்னு ஒரு கண் டாக்டர். பிறவிக் கண்புரையோட குழந்தைகள் வரிசையா வர்றாங்க. அம்மாக்களிடம் விசாரிச்சா, பலருக்கும் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரூபெல்லா வந்திருக்கு. பெரியவங்களுக்கு ரெண்டு மூணு நாள் தடிப்பு, அவ்வளவுதான். வேர்க்குருன்னு விட்டுடுவோம். முதல் மூணு மாசத்துல கருவுக்குப் போனா கண், காது, இதயம் எல்லாத்தையும் தொடும். 1964-65 அலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தாங்க. 1969-ல் அங்கே தடுப்பூசி வந்தது.

இங்கே? கணக்கே கிடையாது. அதைத் தேடினதும் கண் டாக்டர்கள்தான். அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் பி.விஜயலட்சுமியும் பிரிட்டன் மருத்துவர்களும் கண்புரை வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டாங்க. ஒரு வயசுக்குட்பட்டவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒண்ணுக்குக் காரணம் ரூபெல்லா.

எனக்கு இதைவிடப் பிடிச்சது அடுத்த ஆய்வு. ரூபெல்லாவோட பிறந்த குழந்தை மாசக்கணக்கா வைரஸை வெளியேத்தும். அந்தக் குழந்தையைத் தூக்கி, மருந்து ஊத்தி, ஆபரேஷனுக்குத் தயார்பண்றது யாரு? பெரும்பாலும் கல்யாண வயசுல இருக்கிற பெண் ஊழியர்கள். மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளில் அவங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தாங்க. நூறு பேர்ல சுமார் பத்துல இருந்து இருபது பேருக்குக் காவலே இல்லை! இல்லாதவங்களுக்கு ஊசி போட ஏற்பாடு பண்ணாங்க. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது.

"அப்ப உடனே எல்லாருக்கும் போட்டிருக்கலாமே?" கேக்கலாம். அரைகுறையா போட்டா ஆபத்து. கிரீஸ் நாட்டுல அதுதான் நடந்துச்சு: கொஞ்சம் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி. வைரஸ் சுத்துறது குறைஞ்சது, ஆனா நிக்கல. சின்ன வயசுல வந்துபோக வேண்டிய தொற்று, கர்ப்பம் தரிக்கிற வயசுக்குத் தள்ளிப்போச்சு. 1993-ல் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தாங்க. அதனால போட்டா பெருவாரியா போடணும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. உயிருள்ள வைரஸ் ஊசிங்கிறதால கர்ப்பிணிக்குப் போட முடியாது; அவங்களுக்குச் சுத்தி இருக்கிறவங்கதான் வேலி.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாசம் முதல் 15 வயசு வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டப்போ வாட்ஸப்ல வந்த வதந்திகள் ஞாபகம் இருக்கா? பிள்ளைகளை அன்னிக்கு ஸ்கூலுக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. இந்தக் கர்ப்பிணி அப்போ 15 தாண்டிட்டாங்க. அவங்களுக்கு இருக்கிற காவல் அநேகமா சின்ன வயசுல வந்த தொற்றுதான்.

"பாசிட்டிவ் நல்லதும்மா, பயப்படாதீங்க"ன்னு சொன்னேன். முகம் தெளிஞ்சது. மாமியார் மட்டும் ஐ.ஜி.எம். வரியில் விரல் வெச்சு, "அப்ப இந்த நெகட்டிவுக்கு என்ன மாத்திரைங்க டாக்டர்?"