ஐயமுந் தேற்றமும் உணர்த்தும் இடைச்சொற்கள்

ஒரு கூற்று ஐயமோ துணிபோ என்பதனைப் பலவிடத்தும் ஓரெழுத்தளவினதாகிய இடைச்சொல்லே உணர்த்தும். இதனைத் தமிழிலக்கண நூலார் பண்டே கண்டனர். பெயரையும் வினையையுஞ் சார்ந்தன்றித் தானே இயங்குதல் இடைச்சொற்கு இயல்பன்று என்பது தொல்காப்பியனார் கருத்து. அவர் 'கொல்' என்பதனை ஐயப்பொருட்டு என்றார். ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என 5 பொருள் வகுத்தார். உம்மைக்குக் கூறிய 8 பொருளுள் ஐயத்தையும் முற்றையும் ஒருங்கே வைத்தார். வினாவுந் துணிபும் ஓரெழுத்தினிடத்தே உறைதல் காண்க. 'அவனே செய்தான்' என்புழி, ஏகாரம் வினாவாயின் வழக்கு முடிந்திலது, தேற்றமாயின் முடிந்தது, பிரிநிலையாயின் பிறர் நீங்கினர். இவற்றுள் இன்னது என்பதனை இடமே காட்டும்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூலார் இசைநிறையுஞ் சேர்த்து ஏகாரப் பொருளை 6 ஆக்கினார். அந்நூற்றாண்டிலேயே மெய்கண்டார் 12 சூத்திரங்களாற் சிவஞானபோதம் அருளினார். 18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியும், அப்போதத்திற்கு மாபாடியம் இயற்றியும், இலக்கணம் தத்துவம் என்னும் இருதுறையும் ஒருங்கே ஆண்டார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியது பொருத்தமே. என்னை? வினாவைத் துணிபெனக் கொள்வார் பூர்வபக்கத்தையே சித்தாந்தமென மயங்குவர். ஆதலின், சாத்திரங் கற்பார் இடைச்சொல்லை வாளா அசையென்று ஒதுக்காது, அதன் பொருளை ஆராய்ந்து கொள்க.