உதையும் உபாயமும்

மோட்டார் சைக்கிளின் பழைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. ஓடுகிற வண்டியை ஓட்டுவது அந்தக் காலத்து மனிதர்களுக்கு அவ்வளவு பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. நிற்கிற வண்டியை ஓடவைப்பதுதான் பிராணாவஸ்தையாக இருந்திருக்கிறது.

காரணம் யந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. பிஸ்டன் என்பது நான்கு நடை நடந்து ஒரு வேலையை முடிக்கும் பிராணி. முதல் நடையில் பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. இரண்டாவதில் அதை நெருக்குகிறது. மூன்றாவதில் பொறி பட்டு வெடிக்கிறது. நான்காவதில் புகை வெளியே போகிறது. இவற்றுள் வெடிக்கிற நடை ஒன்றுதான் வரவு. மற்ற மூன்றும் செலவு. அதிலும் காற்றை நெருக்குகிற நடை பெருஞ்செலவு. யந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் உள்ளே சுழலும் கனத்த சக்கரம் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும். முதல் தடவை மட்டும் நாம்தான் கைமுதல் போட்டாக வேண்டும்.

எவ்வளவு கைமுதல்? நமக்குத் தெரிந்த திருவொற்றியூர் புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் பழைய 350 யந்திரத்தில் பிஸ்டனின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். ஆறரைப் பங்கு காற்றை ஒரு பங்காக அது நெருக்கும். கணக்குப் போட்டால், நெருக்கத்தின் உச்சியில் பிஸ்டனின் தலைமேல் 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் வந்து உட்காருகிறது. ஏறக்குறைய மூன்று நெல் மூட்டை! அதை ஒற்றைக் காலால் தூக்கித் தள்ளு என்றால் எந்தக் காலுக்குத்தான் கோபம் வராது?

இந்தக் கோபத்தைத் தணிக்க வந்தது ஒரு சின்ன லீவர். கைப்பிடியில் கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி இழுபட்டு, புகை போகும் வால்வு சற்றே திறந்துகொள்ளும். நெருக்கப்பட வேண்டிய காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறிவிடும். மூன்று மூட்டையும் மாயமாய் மறைந்துவிடும். இங்கிலாந்துக்காரர்கள் இதை வால்வு லிஃப்டர் என்றார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது டீகம்ப்ரஸர்.

காலுக்கு உதவியாக வந்த சாதனம் என்றுதான் எல்லோரும் இதை நினைக்கிறோம். ஆனால் இது பிறந்தபோது உதைக்கிற வேலையே கிடையாது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் பெரும்பாலான வண்டிகளுக்குக் கிளட்ச் இல்லை, கியர் இல்லை. யந்திரத்திலிருந்து பின் சக்கரத்துக்கு நேராக ஒரு பெல்ட், அவ்வளவுதான். சக்கரம் சுற்றினால் யந்திரம் சுற்றும். யந்திரம் நின்றால் வண்டியும் நிற்கும். இதைக் கிளப்ப வேண்டுமானால், சைக்கிளைப் போல மிதிக்க வேண்டும். மிதிகட்டை இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓட வேண்டும். காற்றின் நெருக்கத்தோடு மல்லுக் கட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவது? ஆகவே லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். வேகம் பிடித்ததும் லீவரை விட்டுவிடுவார்கள். படபடவென்று வெடிச் சத்தம் கேட்கும். அந்தக் கணமே ஆசனத்தில் தாவி ஏறிவிட வேண்டும்; தாமதித்தால் வண்டி எஜமானரை விட்டுவிட்டுத் தனியே புறப்பட்டுவிடும்.

1907-ஆம் வருஷம் மே மாதம் 28-ஆம் தேதி மான் தீவில் முதல் டி.டி. பந்தயம் நடந்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் மாட்ச்லெஸ் வண்டி ஓட்டிய சார்லி காலியர் வெற்றி பெற்றார். வேகத்துக்காகவே புகழ் பெற்ற அந்தப் பந்தயத்திலும் வீரர்கள் முதலில் செய்த காரியம் வண்டியைத் தள்ளியதுதான்!

அந்த நாளில் லீவருக்கு வேறு உத்தியோகங்களும் இருந்தன. பெட்ரோலையும் காற்றையும் நுட்பமாக அளந்து கொடுக்கும் கார்புரேட்டர் அப்போது இல்லை. கூட்டத்தில் மெதுவாகப் போக வேண்டுமானால் வால்வைக் கொஞ்சம் தூக்கி யந்திரத்தின் மூச்சைக் குறைப்பார்கள். நிறுத்த வேண்டுமானாலும் அதே லீவர்தான். கிளப்புவது, அடக்குவது, நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகளும் ஒரே குமாஸ்தாவின் தலையில்!

பிறகு கிளட்ச் வந்தது; கியர் வந்தது; உதைத்துக் கிளப்பும் கிக்கரும் வந்தது. ஆல்ஃபிரட் ஸ்காட் என்பவர் 1908-இலேயே தம் வண்டிக்குக் கிக்கர் வைத்தார். 1915-இல் வெளிவந்த டிரையம்ப் ‘ஹெச்’ வண்டிக்கு மிதிகட்டை கிடையாது; கிளட்சும் மூன்று கியரும் கிக்கரும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் தபால் கொண்டுபோகும் சிப்பாய்களுக்காக ஏறத்தாழ 30,000 வண்டிகள் போயின. பக்கத்தில் ஓட வேண்டிய அவசியம் தீர்ந்தது.

ஆனால் உதைப்பதில் ஓர் ஆபத்து. வேகமாய் ஓடும் யந்திரத்துக்கு ஏற்றபடி, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகவே பொறி விழும்படி அமைத்திருப்பார்கள். அரைமனதாக உதைத்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டாது. அதற்குள் பொறி விழுந்து வெடித்துவிடும். யந்திரம் பின்னோக்கித் திரும்பும். கிக்கர் நம்மைத் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கினவர்களும் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர்களும் உண்டு. கழுதையிடம் உதை வாங்குவதில் ஒரு சமாதானமாவது இருக்கிறது. அது நாம் காசு கொடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு வளர்த்ததாக இருக்காது.

இங்கேதான் லீவரின் இரண்டாவது ஜன்மம் தொடங்குகிறது. லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே உதைத்தால் வண்டி சுலபமாகக் கிளம்பிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். கிளம்பாது. நெருக்கம் இல்லாமல் வெடிப்பு ஏது? அதன் வேலை வேறு. மெல்ல மிதித்தால் ஓர் இடத்தில் கிக்கர் கல்லாய் நிற்கும். அதுதான் மலை. அங்கே லீவரை இழுத்து, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் ஒரு விரற்கடை இறக்கிவிட்டு, லீவரை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் கடைசிவரை உதைக்க வேண்டும். இப்போது அடுத்த மலைக்கு ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று இருக்கிறது. அதற்குள் கனத்த சக்கரம் வேகம் பிடித்துவிடும். மலையை ஏறுவது சக்கரத்தின் பொறுப்பு, காலின் பொறுப்பல்ல.

பலம் அதிகம் வேண்டாம், பதம் தெரிந்தால் போதும். இது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பிரயாணம் சாட்சி. 1934 டிசம்பரில் ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன், தெரீஸா வாலக் என்ற இரு பெண்கள் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். போக வேண்டிய இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன். வண்டி 600 ஸி.ஸி. பான்தர், பெரிய ஒற்றைச் சிலிண்டர். பக்கத்தில் ஒரு சைட்கார். பின்னால் இழுத்துச் செல்ல ஒரு டிரெய்லர் வேறு. சகாராவின் மணலைக் கடந்து 1935 ஜூலையில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ரகத்துப் பெரிய சிலிண்டரைத் தினமும் வெறும் கால்பலத்தால் கிளப்புவது பயில்வானுக்கே அலுத்துப்போகும். வால்வைத் தூக்கும் லீவர் இல்லாவிட்டால் இத்தகைய பிரயாணங்கள் ஆண்களிலும் மிகச் சிலருக்கே வாய்த்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் 1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஏற்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. கூடவே அந்த லீவரும். புல்லட்டுக்கும் மீசைக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று நம் ஊரில் ஓர் எண்ணம். உண்மையில் அதைக் கிளப்பக் கூரிய கண்தான் தேவைப்பட்டது. விளக்குக்கு மேலே உள்ள அம்மீட்டரில் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்த்து, இடது கையால் லீவரைத் தொட்டு, வலது காலால் அளவாக இறக்கி, பிறகு உதைக்க வேண்டும். ஒல்லியான வாத்தியார்கள் ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனதும், புது மாப்பிள்ளைகள் வியர்த்து நின்றதும் இதனால்தான்.

கிராமத்துக்காரர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினுக்கும் இதே லீவர் உண்டு. அதைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைச் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் தட்டிவிடுவார்கள். தண்ணீர் வாய்க்காலில் விழும்.

பட்டனைத் தொட்டால் கிளம்பும் வண்டிகளை ஜப்பானியர் 1950-களின் இறுதியிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் லீவரையும் யந்திரத்துக்குள் ஒளித்துவைத்தார்கள். மெதுவாகச் சுற்றும்போது ஒரு சிறு துண்டு தானே வால்வைத் தூக்கும். வேகம் வந்ததும் விலகிக்கொள்ளும். 2010 வாக்கில் பழைய வார்ப்பிரும்பு யந்திரம் விடைபெற்றபோது புல்லட்டிலும் இந்த ஏற்பாடே வந்தது.

1978-இல் ஜப்பானில் வெளிவந்த யமாஹா எஸ்.ஆர். 400 மட்டும் இந்தப் பட்டன் வழிக்கு வரவில்லை. சிலிண்டரின் தலையில் ஒரு சிறு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். லீவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தால், பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததும் ஜன்னலில் ஓர் அடையாளம் தெரியும். பார்த்துவிட்டு உதைக்க வேண்டும். 2021-இல் கடைசி வண்டி வெளிவந்தபோதும் அதில் கிக்கர் இருந்தது, லீவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, பட்டன் இல்லை.