ராம்ஜி சக்பாலின் ஒற்றை அறை



நினைவுச் சொற்பொழிவில் பெரிய மனிதர்களின் பெரிய செயல்களைப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று ஒரு தகப்பனாரைப் பற்றிப் பேசப் போகிறேன். சுபேதார் ராம்ஜி மாலோஜி சக்பால். பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை. நம் மேடைகளில் அவருக்குக் கிடைப்பது ஒரு வரிதான்: ‘ராணுவத்தில் பணிபுரிந்த ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார்’ என்ற வரி. அதைச் சொல்லிவிட்டு நேராக நியூயார்க்குக்குப் போய்விடுகிறோம்.

அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும்போது நம் சேரிகளைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பும். ‘பிள்ளைகளுக்கு அறிவு இருக்கு, பெத்தவங்கதான் ஊக்கம் குடுக்கிறதில்ல.’ பள்ளியில் சொல்வார்கள், அலுவலகத்தில் சொல்வார்கள், படித்து மேலே வந்த நம் ஆட்களும் சொல்வார்கள். ஊக்கம் என்பது வாயால் கொடுக்கும் ஒன்று, இலவசமானது என்ற நினைப்பு இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. உண்மையில் அதற்கு என்ன செலவாயிற்று, அந்தச் செலவை யார் யார் ஏற்றார்கள் என்பதை ஒரு வீட்டின் வரலாற்றை வைத்துப் பார்க்கலாம். அதற்கு ராம்ஜியின் வீடு பொருத்தமானது. மகன் அதைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். 1954இல் வந்த தனஞ்செய் கீரின் வாழ்க்கை வரலாற்றிலும் போதுமான செய்திகள் உண்டு.

ராம்ஜிக்கு முன்பே அவருடைய தந்தை மாலோஜியும் படையில் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள். படைவீரர்களின் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், அங்கே கல்வி கட்டாயமாக இருந்தது என்று அம்பேத்கர் எழுதுகிறார். ஊர்ப் பள்ளியின் வாசலில்கூட நிற்க விடாத காலத்தில் பாளையத்துக்குள் ஒரு பள்ளி இருந்தது. ராம்ஜி அதில் படித்து, பின் படைப்பள்ளித் தலைமையாசிரியராகவே ஆனார். மராத்தியும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர். ஓய்வுபெற்றபின் மாத ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது.

அவர் ஓய்வுபெற்ற அதே காலத்தில், 1890களின் தொடக்கத்தில், மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. அதை எதிர்த்து 1894இல் கோபால் பாபா வலங்கர் விண்ணப்பம் தயாரித்தார். பயனில்லை. போனது சிப்பாய் வேலை மட்டுமல்ல. அந்தப் பள்ளியும் ஓய்வூதியமும் சேர்ந்தே போயின. எத்தனையோ மகர் தகப்பன்மாருக்கு ராம்ஜிக்கு இருந்த அதே ஆசை இருந்திருக்கும். மாதம் பிறந்தால் வரும் பணம் இருந்ததா என்பதுதான் வேறுபாடு. ஊக்கம் கொடுக்கவில்லை என்று எந்தப் பெற்றோரையும் குறை சொல்லும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சாதாராவில் குடும்பம் இருந்தபோது தாய் பீமாபாய் இறந்துவிட்டார். அத்தை மீராபாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் காலத்தைப் பற்றி ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் அம்பேத்கர் எழுதுகிறார். வகுப்பில் தனி மூலை. உட்காரச் சாக்குத் துணி. அதை மாலையில் வீட்டுக்குத் தூக்கிப் போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. நாவிதர் தொடமாட்டார் என்பதால் பிள்ளைகளுக்கு முடி வெட்டியவர் அக்கா. வெட்டி வெட்டியே கைதேர்ந்துவிட்டார் என்று சற்றே சிரிப்போடு எழுதுகிறார். அக்காவின் கையை மறக்காதீர்கள், மறுபடி வரப் போகிறது.

1901இல் பிள்ளைகள் தந்தையைப் பார்க்கக் கோரேகாவுக்குக் கிளம்பிய கதை உங்களுக்குத் தெரியும். பஞ்ச நிவாரணமாகக் குளம் வெட்டிய இடத்தில் ராம்ஜி காசாளர். வருவதாகப் பிள்ளைகள் எழுதிய கடிதத்தை வேலைக்காரர் அவரிடம் தர மறந்துவிட்டார். புத்தாடை உடுத்தி, ரயிலேறி மசூரில் இறங்கிய பிள்ளைகளை, சாதி தெரிந்ததும் ஏற்றிக்கொள்ள வண்டி இல்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இரவெல்லாம் கழித்தார்கள். பிள்ளைக்கு நல்ல சட்டை வாங்கிக் கொடுக்கத் தகப்பனால் முடிந்தது. சாலையைத் தர முடியவில்லை.

இதற்குப் பின் நடந்த ஒன்றை நாம் மேடையில் அதிகம் சொல்வதில்லை. ராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்ததைப் பீமராவால் தாங்க முடியவில்லை. இனித் தந்தையின் சோறு வேண்டாம், பம்பாய்க்குப் போய் மில்லில் வேலை பார்க்கலாம் என்று முடிவு செய்தார். சாதாராப் பையன்கள் பலர் அப்படிப் போய்க்கொண்டிருந்த காலம். வழிச்செலவுக்காக, அத்தை தூங்கும்போது அவர் இடுப்பிலிருந்த பணப்பையை எடுக்க இரவு இரவாக முயன்றார். ஒருவழியாகக் கிடைத்தபோது உள்ளே இருந்தது அரையணா. அந்த வெட்கத்தில்தான் இனிப் படிப்பது என்று தீர்மானித்ததாகக் கீர் எழுதுகிறார். அந்தப் பையில் நாலு ரூபாய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பின்னாளில் அரசியல் சட்டம் எழுதியவருக்கும் அந்த வயதில் எட்டிய கனவு மில் வேலைதான். கண்ணெதிரே பார்த்த பெரிய வேலை அது.

பிறகு குடும்பமே பம்பாய்க்குப் போனது. பரேலில் ஒரு சால், அதில் ஒற்றை அறை. சமையல், விறகு, அம்மிக்கல், ஒரு ஆடு, இத்தனை பேர் எல்லாம் அதற்குள். பகலில் அங்கே படிக்க இயலாது. ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். மகனை முன்னிரவிலேயே தூங்க வைத்துவிட்டு, தான் விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் புத்தகத்தின் முன் உட்கார வைத்துவிட்டு, மகன் படுத்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். இரண்டு பேர் சேர்ந்து தூங்க இடமில்லாத அறையில் அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் தன் தூக்கத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். ‘நீ பெரிய ஆளாக வருவாய்’ என்று அவர் சொன்னதாக எங்கும் படித்த நினைவு எனக்கு இல்லை.

ஆங்கிலத்துக்குத் தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடநூல்களை மனப்பாடமாகச் சொல்ல வைத்தார். மகனுக்கோ பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்த நூல்கள் மீதுதான் பசி. அது ராம்ஜிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்ட புத்தகத்தை இல்லை என்று சொன்னதில்லை. கையில் பணம் இல்லாவிட்டால் மணமாகிப் பம்பாயிலேயே இருந்த மகள்களிடம் போவார். ஒருத்தியிடம் சில ரூபாய் இல்லையென்றால் மற்றவளிடம். அவளிடமும் இல்லையென்றால், கல்யாணத்துக்குத் தானே போட்ட நகையைக் கேட்டு வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்துவிடுவார்.

அந்த மகள்களின் பெயர்கள் மஞ்சுளா, துளசி. இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருக்கப் பணம் போதாமல், அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். ஒரு பிள்ளையின் பெரிய இலக்குக்காக ஒரு வீட்டில் இன்னொரு பிள்ளையின் படிப்பு நின்றது. இரண்டு பெண்களின் கழுத்து அவ்வப்போது வெறுமையானது. முடி வெட்டிய கையும் அப்படி ஒரு பெண்ணின் கைதான். தகப்பனின் தியாகம் என்று மட்டும் எழுதினால் இந்தக் கணக்கு மறைந்துவிடும். நம் வரலாற்று எழுத்தில் அது மறைந்துதான் இருக்கிறது.

ராம்ஜி கபீர் பந்த்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளைத் தினமும் மகாபாரதமும் ராமாயணமும் படிக்கச் சொல்வார். இந்த நூல்களில் நம்மை இழிவாகத்தானே வைத்திருக்கிறார்கள், எதற்காகப் படிக்க வேண்டும் என்று மகன் கேட்டார். நாம் தீண்டப்படாதவர்கள், அதனால் நமக்குத் தாழ்வு மனப்பான்மை வரும். துரோணரையும் கர்ணனையும் பார், எவ்வளவு உயர்ந்தார்கள். வால்மீகியைப் பார் என்பது தந்தையின் பதில். மகன் விடவில்லை. பீஷ்மரும் துரோணரும் சொல்வது ஒன்று செய்வது ஒன்று, கிருஷ்ணன் வஞ்சகன், ராமன் சூர்ப்பனகையிடமும் வாலியிடமும் நடந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை என்றார். தந்தை மௌனமானார். வீட்டில் ஒரு கலகம் நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தது என்கிறார் மகன். 1956 ஏப்ரல் 6 என்று நாளிட்ட, ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கான முன்னுரையில் இது இருக்கிறது. கண்டிப்பான ராணுவக்காரர், பக்திமான், அன்று கையை ஓங்கவில்லை. எனக்கு இந்த மௌனம் இரண்டு மணி விழிப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. மருந்து தவறானது என்று மகன் சொன்னார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர் தந்தை.

அதே முன்னுரையில் இன்னொரு நிகழ்ச்சி. ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியதற்குச் சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினார்கள். ராம்ஜி மறுத்துவிட்டார்; ஒரு தேர்வு எழுதியிருக்கிறான், அவ்வளவுதான், பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்றார். நண்பர் கேலுஸ்கர் வந்து வாதாடிய பிறகுதான் இறங்கி வந்தார். அந்தக் கூட்டத்தில்தான் கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். கீர் இதை 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்ததாகச் சொல்கிறார். அந்த மெட்ரிகுலேஷனில் பெற்ற மதிப்பெண் 750க்கு 282. இன்று இந்த மதிப்பெண்ணோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால் நாம் என்ன சொல்வோம்?

ராம்ஜியைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. பதினைந்து வயதிலேயே மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். ரமாபாய்க்கு அப்போது ஒன்பது வயது. பரோடா மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்ததால் கல்லூரிப் படிப்பு முடிந்தது. அதற்குப் பதிலாகப் பரோடா அரசுப் பணியில் சேர மகன் கிளம்பியபோது தந்தைக்கு அதில் சம்மதமில்லை. மகன் போனார். 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். நோய்ச் செய்தி கேட்டுத் திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கிய மகன் ரயிலைத் தவறவிட்டார். கொலம்பியா போவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூன் மாதம். கொலம்பியா என்ற பெயரை ராம்ஜி நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. இலக்கை அவர் கொடுக்கவில்லை. இரவு இரண்டு மணியைக் கொடுத்தார்.

பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்த நம் இரட்டைமலை சீனிவாசன் வேறொரு பள்ளிப் பருவத்தை எழுதிவைத்திருக்கிறார். கோயம்புத்தூர்க் கல்விச்சாலையில் சுமார் 400 மாணவர்கள்; பத்துப் பேர் போக மற்ற அனைவரும் பிராமணர். யாரோடும் பழகினால் வீடு எங்கே, பெற்றோர் யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தில், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரின் பெயரே பிள்ளைக்கு ஆபத்தாகும் இடத்தில் ‘பெற்றோர் பள்ளிக்கு வந்து விசாரிப்பதில்லை’ என்று எப்படிப் புகார் சொல்வது?

அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றை அது நடத்தத் தொடங்கியது. விளக்கு, சோறு, படுக்க இடம். பரேல் அறையில் இல்லாதவை எவை என்று அவருக்குத் தெரியும். மகளின் நகையை அடகு வைக்காமல் பிள்ளை படிக்க வேண்டுமானால் அந்தச் செலவை யாராவது பொதுவில் ஏற்க வேண்டும். நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளின் கூரை ஒழுகும்போது பேச வேண்டிய வரலாறு இது.

1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாடு நடந்தது. சுலோச்சனாபாய் டோங்ரே தலைமை. ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டிருந்தார்கள். அம்பேத்கர் அவர்களிடம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பெரிய ஆசைகளை அவர்கள் மனத்தில் விதையுங்கள், தாழ்வு மனப்பான்மையைப் போக்குங்கள் என்றார். கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், அது ஒரு பொறுப்பு, பிள்ளைகள் தம் காலில் நிற்கும்வரை அதை அவர்கள் மேல் சுமத்தாதீர்கள் என்றும் சொன்னார். ரமாபாய் இறந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாழ்வு மனப்பான்மை என்று தந்தை பரேலில் சொன்ன சொல்லை மகன் நாக்பூரில் சொல்கிறார், இம்முறை மகாபாரதம் இல்லாமல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மஞ்சுளாவையும் துளசியையும் போன்ற பெண்கள்.