வாத்தியாரும் உபதேசியாரும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையை நோக்கிக் கைகூப்பும் ஜனத்திரளினிடையே, டேனிஷ் மிஷன் பள்ளியை அடையாளமாகச் சொல்லி வழி கேட்பவரும் உண்டு. அப்பெயருக்குப் பின்னாலுள்ள சரித்திரத்தை நினைப்பவர்தாம் அரியர். ஜாதி வித்தியாசம் பாராட்டுவதுபற்றிய விவாதத்தில் லீப்சிக் மிஷனோடு முரண்பட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணியை டென்மார்க்கு மிஷன் சங்கம் அக்காலத்திலேயே ஏற்றுக்கொண்டது. அது திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவி, பின்னாளில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாயிற்று.

அந்தப் பணியின் பாரத்தை நாட்டுப்புறத்தில் சுமந்தவர், வண்டியில் வந்துபோன வெள்ளைக்கார மிஷனரியல்லர்; வாரநாட்களில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து, ஞாயிறன்று அதே கூரையின்கீழ் ஜெபம் நடத்திய உபதேசியாரே என்பது என் துணிபு. 1854-ஆம் ஆண்டு உட் துரையின் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் கிராண்டு கிடைக்கலாயிற்று. பாடம் சொல்லும் கைக்கு வந்த பணம், வேதம் சொல்லும் வாய்க்கும் சோறிட்டது.

இரட்டை உத்தியோகம் புதிதன்று. கொரிந்துப் பட்டணத்தில் ஆக்கில்லாவோடு கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே பவுல் பிரசங்கித்தார். திருச்சிராப்பள்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்குக் குருவாகவும் இருந்த மிஷனரி சுவார்ட்ஸ், 1779-இல் கம்பெனியாரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதர் அலியைக் கண்டார். இவர்கள் கதை ஏட்டில் ஏறியது. உபதேசியாரின் கதை சம்பளப் புத்தகத்தோடு நின்றது. மேலும், பவுல் உழைத்தது சபைக்குப் பாரமாகாதிருக்க. உபதேசியார் இரண்டு வேலை பார்த்ததோ பெரும்பாலும் மிஷனின் சிக்கனத்துக்காக.

அவருக்கு எஜமானர் இருவர்: ஆஜர்ப் பட்டியைக் கேட்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர், ஞானஸ்நானக் கணக்கைக் கேட்கும் மிஷனரி மற்றொருவர். ஊரார் 'வாத்தியாரே' என்பார்கள், சபையார் 'உபதேசியாரையா' என்பார்கள். இரண்டுக்கும் ஒரே குரலில் 'என்ன' என்பார். சனிக்கிழமை மாலை கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சாணமிட்டு மெழுகிய தரையில் பாய் விரித்தால் பள்ளி கோயிலாகும். திங்கட்கிழமை காலை பாயைச் சுருட்டினால் கோயில் பள்ளியாகும். இந்த ஒழுங்கெல்லாம் ஒரு சாவு விழும்வரைதான். பள்ளி நாளில் சபையாரில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், சட்டாம்பிள்ளையிடம் பிரம்பைக் கொடுத்துவிட்டு, ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடக்க வேண்டும். திரும்பி வந்து, கைமண்ணைக் கழுவிக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாடு எந்த இடத்தில் நின்றதென்று அந்தச் சட்டாம்பிள்ளையைக் கேட்டே தொடர வேண்டும்.